பறவைப் படம் மங்கலாக வருகிறதா? சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் பார்க்க வேண்டியவை

45 அல்லது 61 மெகாபிக்சல் கேமராவும் 600 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும் வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் சீசன் முடிவதற்குள் கேட்கும் கேள்வி: "எனக்கு வந்த லென்ஸ் பீஸே சரியில்லையோ?" நண்பர்கள் இப்படிக் கொண்டுவரும் கேமராக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. பெரும்பாலானவை பைசா செலவில்லாமல் சரியாகிவிடும். 24 மெகாபிக்சலில் கண்ணுக்குப் படாமல் போன கை ஆட்டமும் ஃபோகஸ் பிசகும் 45-இல் பளிச்சென்று தெரிகின்றன, அவ்வளவுதான்.

அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடுங்குவது கடைசியில். மங்கல்தான் பிரச்சினை என்றால் முதல் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

மங்கலான படத்தை முதலில் படியுங்கள்

நிகான் இசட்8 படம் 8256 பிக்சல் அகலம். 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் அதை 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்கும்போது படத்தின் பரப்பில் 5 சதவீதம்கூட உங்கள் கண்ணுக்கு வருவதில்லை. அந்தத் துண்டை வைத்து லென்ஸுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். 50 சதவீதத்தில் பாருங்கள். அதில் இறகு இறகாகத் தெரிந்தால் ஏ3 அச்சுக்குத் தாராளம், கோளாறு எதுவும் இல்லை.

50 சதவீதத்திலும் மங்கலா? வரப்பில் நிற்கும் ஒரு கொக்குப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணையும் அலகின் விளிம்பையும் பார்த்த பிறகு, காலடிப் புல்லையும் பாருங்கள். எல்லாரும் விட்டுவிடுவது இந்தப் புல்லைத்தான். கண் மங்கலாகி, ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ ஏதோ ஒரு புல் இதழ் ஊசிபோல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. புல், கண், கால் எல்லாமே ஒரே அளவு மங்கி, ஈர இலையில் மின்னும் ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் குட்டிக் கோடுகளாக நீண்டிருந்தால் அது ஆட்டம். உடல் தெளிவாக இருந்து தலையோ சிறகோ மட்டும் கரைந்திருந்தால் அசைந்தது பறவை. அலகின் நேர்கோடு நெளிந்து, விளிம்பு உருகினாற்போல் இருந்தால் வெயிலின் வேலை. எந்தப் படம் எடுத்தாலும் இடப்பக்கமோ வலப்பக்கமோ மட்டும் மங்கல் என்றால்தான் லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் படம் எதில் சேருகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி: படம் முழுக்க ஒரே மாதிரி மங்கல்

*ஷட்டர் ஸ்பீடு.* 600 மி.மீ.க்கு 1/600 போதும் என்பது ஃபிலிம் காலக் கணக்கு. 45 மெகாபிக்சலில் கையில் பிடித்து எடுத்தால் அதில் இரண்டு மடங்காவது வையுங்கள்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/1250, பறக்கும் நாரைக்கு 1/2000, பஞ்சுருட்டான், தகைவிலான் மாதிரி வெட்டி வெட்டிப் பறப்பவற்றுக்கு 1/3200. ஐஎஸ்ஓ ஏறுமே என்று பயப்பட வேண்டாம். அதனால் படத்தில் வரும் குருணையை (நாய்ஸ்) மென்பொருளில் குறைத்துவிடலாம். ஆட்டத்தை எந்த மென்பொருளும் ஒழுங்காகச் சரிசெய்வதில்லை.

சோதனை: அதே பறவையை 1/3200-இல் பத்துப் படம் எடுங்கள். ஷார்ப்பாக வந்துவிட்டால் கதை முடிந்தது.

*முன்னால் மாட்டிய ஃபில்டர்.* 95 மி.மீ. கண்ணாடிக்குப் "பாதுகாப்பு" என்று கடைக்காரர் தலையில் கட்டிய யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸில் மலிவு ஃபில்டர் செய்யும் கெடுதல் அகலக் கோண லென்ஸில் தெரியவே தெரியாது. பின்னணியில் உள்ள குச்சிகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும். முன்னால் மாட்டும் நிழல் குழலான ஹூட் இருந்தாலே பாதுகாப்புக்குப் போதும்.

*டெலிகன்வர்ட்டரும் துவாரமும்.* கன்வர்ட்டர் என்பது லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் குழல். அதைப் போட்டால் எஃப் எண் கூடும், அதாவது துவாரம் (அபர்ச்சர்) சுருங்கும்: எஃப் 6.3 ஜூமில் 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் எஃப் 9, 2 மடங்கு போட்டால் எஃப் 13. எஃப் 11-ஐத் தாண்டினால் 45 மெகாபிக்சலில் மென்மை தெரிய ஆரம்பிக்கும். அதைக் கழற்றிவிட்டு எடுத்த படத்தை க்ராப் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் கழற்றியதே ஜெயிக்கும்.

*நடுக்கத் தடுப்பு.* டிரைபாடில் இறுக்கிய பிறகும் ஓடவிட்டால் சில லென்ஸ்களில் அதுவே சிறு நடுக்கத்தை உண்டாக்கும். அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பறப்பதைப் பின்தொடரும்போது, லென்ஸில் இருந்தால், மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் தடுக்கும் மோட் 2.

*மெக்கானிக்கல் ஷட்டரின் அதிர்வு.* 1/60 முதல் 1/200 வரையில் மட்டும் மங்கல், அதற்கு மேலும் கீழும் தெளிவு என்றால் இதுதான். மெனுவில் ஷட்டர் வகையை எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கு மாற்றுங்கள்.

*டிரைபாட் ஹெட், லென்ஸின் கால்.* லென்ஸின் முன்முனையை விரலால் மெல்லத் தட்டி, லைவ் வியூவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்டம் அடங்க ஒரு விநாடிக்கு மேல் ஆனால் ஹெட் பலவீனம். புதியது வாங்குமுன் காரின் ஜன்னலிலோ சுவரிலோ ஒரு பீன் பேக் வைத்து எடுத்துப் பாருங்கள். பழைய பேன்ட் காலில் அரிசியோ கொண்டைக்கடலையோ போட்டுத் தைத்தாலே போதும்.

இவை எல்லாம் ஆன பிறகும் மங்கல் போகவில்லையா? பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அரிசி மூட்டையை நிறுத்தி அதிலிருக்கும் எழுத்தை டிரைபாட், டைமர், 1/1000 வைத்து எடுங்கள். அதுவும் மங்கினால் லென்ஸும் பாடியும் சேர்ந்து சர்வீஸுக்குப் போகட்டும்.

அறிகுறி: காலையில் ஷார்ப், வெயில் ஏறினால் கூழ்

"லென்ஸ் சூடானால் கெட்டுப்போகிறது" என்று என்னிடம் வந்த எல்லாமே இந்த வகைதான். கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள் தெரு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே இருபதடி தூரத்தில் எடுத்த படத்தில் கண்ணிமை தெரியும். அதே லென்ஸை வேடந்தாங்கல் கரையில் பதினொரு மணிக்கு ஏரி நடுவே இருக்கும் மரத்தின் மேல் திருப்புங்கள், நாரை தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும். லென்ஸில் எந்த மாற்றமும் இல்லை. இடையிலிருக்கும் சூடான காற்றின் அளவுதான் கூடியிருக்கிறது.

உறுதிப்படுத்த: அசையாத ஒரு கிளையை 1/4000-இல் வரிசையாகப் பதினைந்து படம் எடுங்கள். ஒன்று சுமார், ஒன்று மோசம், ஒன்று படுமோசம் என்று மாறி மாறி வருகிறதா? உடனே பத்து மீட்டருக்குள் இருக்கும் ஏதாவது ஒரு இலையை எடுங்கள். அது தெளிவாக இருந்தால் சந்தேகமே இல்லை, வெப்ப அலைதான்.

இதில் பலரும் கவனிக்காத துணைக் காரணங்கள் இரண்டு உண்டு. காருக்குள் ஏசி போட்டு, ஜன்னலைத் திறந்து எடுக்கிறீர்கள் என்றால் குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலந்து கலங்கும். ஏசியையும் இன்ஜினையும் அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பானட்டுக்கு மேலே எடுத்தாலும் இதே கதை. இரண்டாவது ஹூட்: குளிர்ந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த லென்ஸின் நீண்ட ஹூட்டுக்குள் வெப்பம் வேறான காற்று சுழன்றுகொண்டிருக்கும். ஹூட்டைக் கழற்றி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றபடி மருந்து எதுவும் கிடையாது. ஏழு மணிக்குள் போங்கள், அல்லது சாயங்காலம் போங்கள், அல்லது பறவை பக்கத்தில் வரும் இடத்தில் உட்காருங்கள். "61 மெகாபிக்சல் இருக்கிறதே, க்ராப் பண்ணிக்கொள்ளலாம்" என்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். க்ராப் செய்தால் காற்றும் சேர்ந்தேதான் பெரிதாகும். அதற்காகக் கூட்டை நெருங்கிப் போவதும் வேண்டாம். பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் போய்விடும்.

சர்வீஸ்? தேவையே இல்லை. இதற்காகக் கேமராவை அனுப்பினால் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்ற சீட்டோடு திரும்பி வரும், பில்லோடு சேர்த்து.

அறிகுறி: புல் ஷார்ப், பறவையின் கண் மங்கல்

*ஃபோகஸ் மோட்.* நகரும் பறவைக்கு விடாமல் பின்தொடரும் ஏஎஃப்-சி, கேனானில் அதன் பெயர் சர்வோ. ஒருமுறை பிடித்து நின்றுவிடும் ஏஎஃப்-எஸ்-இல் இருந்தால் நீங்கள் ஃபோகஸ் பிடித்ததற்கும் ஷட்டரை அமுக்கியதற்கும் நடுவே கொக்கு ஒரு அடி எடுத்து வைத்திருக்கும். 600 மி.மீ.யில் பத்து மீட்டர் தூரத்தில் ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் ஒரு விரல் நீளம்தான், அதற்குள் பறவை வெளியேறிவிடும்.

*கேமரா தப்பான இடத்தைப் பிடிப்பது.* கண் டிடெக்‌ஷனில் "விலங்கு" இருக்கிறதா, "பறவை" இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். புதரின் உள்ளே இருக்கும் பறவை என்றால் டிடெக்‌ஷனை நம்பாமல் மிகச் சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். இதற்கென்று ஒரு பட்டனை ஒதுக்கிவைத்தால் மெனுவில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

*பர்ஸ்டின் (தொடர்ச்சியாக எடுக்கும் படங்களின்) முதல் இரண்டு படம் மட்டும் மங்கலா?* மெனுவில் முன்னுரிமை "ரிலீஸ்" என்று இருக்கும். "ஃபோகஸ்" என்று மாற்றுங்கள்.

இதற்கு மேல் பாதை இரண்டாகப் பிரிகிறது.

மிரர்லெஸ் என்றால்: ஃபோகஸ் சென்சாரிலேயே நடப்பதால், டிஎஸ்எல்ஆரில் வருவதுபோல் எப்போதும் ஒரே திசையில் விலகுவது அபூர்வம். லென்ஸ், பாடி இரண்டிலும் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். அடாப்டர் வழியாகப் பழைய லென்ஸ் மாட்டியிருந்தால் அடாப்டரின் ஃபர்ம்வேரையும்.

நிகான் டி850 மாதிரி, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் என்றால்: சாய்வாக வைத்த ஒரு ஸ்கேலை டிரைபாடில் எடுங்கள், வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து, லைவ் வியூவில் ஐந்து. லைவ் வியூ சரியாக இருந்து, வ்யூஃபைண்டர் படங்கள் எல்லாமே ஒரே பக்கம் விலகியிருந்தால் மெனுவில் ஃபோகஸை முன்பின் நகர்த்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூன் போடுங்கள். டி850-இல் லைவ் வியூ வழியாகத் தானாகவே கணக்கிட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. அளவின் கடைசி முனைவரை தள்ளியும் போதவில்லை என்றால், இரண்டையும் சேர்த்துச் சர்வீஸில் கொடுங்கள். லென்ஸை மட்டும் கொடுத்தால் அவர்கள் வேறொரு பாடிக்குச் சரிசெய்து அனுப்புவார்கள்.

அறிகுறி: ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, அல்லது அசையவே மாட்டேன் என்கிறது

முதலில் லென்ஸின் பக்கத்திலிருக்கும் ஸ்விட்சுகள். பையில் உரசி ஏஎஃப் "எம்"-க்கு நகர்ந்திருக்கும். அதற்கடுத்து, ஃபோகஸ் தேடும் தூரத்துக்கு எல்லை வைக்கும் ஃபோகஸ் லிமிட்டர். சோனி 200-600-இல் அது "10 மீட்டருக்கு மேல்" என்ற நிலையில் இருந்தால் எட்டு மீட்டரில் உட்காரும் மீன்கொத்தியை அது எப்படியும் பிடிக்காது. வெயிலில் எழுத்து தெரியாமல் இதைத் தப்பாக நகர்த்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. "ஃபுல்"-இல் வையுங்கள். குறைந்தபட்சத் தூரமும் இருக்கிறது: அதே லென்ஸுக்கு 2.4 மீட்டர். செம்பருத்திச் செடியில் கை எட்டும் தூரத்திலிருக்கும் தேன்சிட்டுக்குப் பின்னால் நகர வேண்டும்.

அதன் பிறகு: லென்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் தங்க நிறத் தொடர்புப் புள்ளிகளைச் சுத்தமான உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ரப்பர், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். பழவேற்காடு, கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் எடுத்து வந்தால் இது வழக்கமான வேலையாகவே இருக்கட்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் காதை லென்ஸில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். மெல்லிய சர்ர் இயல்பு. மணல் அரைக்கும் சத்தமோ, ஒரு இடத்தில் திக்கி நிற்பதோ இருந்தால் மோட்டார். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அறிகுறி: படத்தின் ஒரு பக்கம் எப்போதும் மங்கல்

செங்கல் சுவர் ஒன்றைத் தேடுங்கள். பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, டிரைபாடில், துவாரத்தை முழுதும் திறந்து எடுங்கள். மங்கலான மூலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது லென்ஸின் காலரைத் தளர்த்திக் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை எடுங்கள். படத்தின் அதே மூலை மீண்டும் மங்கினால் பிரச்சினை லென்ஸிலோ பாடியிலோ இருக்கிறது. எதிர் மூலைக்கு மாறிவிட்டால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை.

அடுத்து நண்பரின் பாடியில் உங்கள் லென்ஸ், உங்கள் பாடியில் அவர் லென்ஸ். மங்கல் லென்ஸோடு போனால் உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது, பெரும்பாலும் விழுந்ததாலோ பஸ் மேல் லக்கேஜில் போட்டதாலோ. பாடியோடு தங்கினால் மவுன்ட் அல்லது சென்சாரின் சமன். இரண்டுமே வீட்டில் கைவைக்கக் கூடாதவை, செலவும் அதிகம். ஸ்க்ரூ டிரைவரோடு யூடியூப் பார்ப்பவர்களுக்கு: வேண்டாம்.

அறிகுறி: சிறகு ரப்பர்போல் வளைகிறது, மரம் சாய்கிறது

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். சென்சாரை வரி வரியாகப் படிக்க நேரம் ஆவதால் வருவது இது. 61 மெகாபிக்சல் சோனியில் நன்றாகவே தெரியும், கேனான் ஆர்5-இல் குறைவு, இசட்8-இல் அநேகமாகத் தெரியாது. மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். இசட்8-க்கு மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, தேவையும் இல்லை.

உயிரியல் பூங்காவில் விளக்கின் கீழே எடுக்கும்போது கிடைமட்டப் பட்டைகள் வந்தால் அது வேறு: நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும். மெக்கானிக்கல் ஷட்டர், ஆன்டி-ஃபிளிக்கர், 1/100.

அறிகுறி: மீன்கொத்தி பாயும் நேரத்தில் பர்ஸ்ட் நின்றுவிடுகிறது

ரா மட்டும் எடுங்கள், கூடவே ஜேபெக் வேண்டாம். ராவை லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டுக்கு மாற்றுங்கள். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், முந்தைய படங்களைப் பிரதி எடுத்த பிறகு.

பிறகு கார்டைத் திருப்பிப் பாருங்கள். எஸ்டி கார்டின் பின்னால் உலோகக் கோடுகள் ஒரே வரிசை என்றால் யுஎச்எஸ்-1, இரண்டு வரிசை என்றால் யுஎச்எஸ்-2. முதலாவதின் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. 45 எம்பி அளவுள்ள ரா படங்களை நொடிக்குப் பத்து என்று அதில் திணிக்க முடியாது. இசட்8, ஆர்5 இரண்டிலும் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ், மற்றது எஸ்டி. இரண்டிலும் ஒரே நேரத்தில் பேக்கப் போகும்படி வைத்திருந்தால் கேமரா மெதுவான கார்டுக்காகக் காத்துக்கிடக்கும். நல்ல சிஎஃப்எக்ஸ்பிரஸ் வாங்கியும் பலன் தெரியவில்லை என்பவர்களில் அநேகம் பேருக்கு இதுதான் காரணம்.

பர்ஸ்டே மந்தம் என்றால் பேட்டரி. ஆர்5-இல் பழைய எல்பி-இ6என் போட்டால் முழு வேகம் வராது, எல்பி-இ6என்எச் வேண்டும், அதிலும் சார்ஜ் நிறைய இருக்க வேண்டும்.

அறிகுறி: வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

எஃப் 22-இல், ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை இரண்டு படம் எடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் சென்சார் தூசி. ஒன்றில் மட்டும் இருந்தால் அது பறந்துபோன பனை உழவாரன், சந்தோஷப்படுங்கள்.

தூசி என்றால் கேமராவின் சொந்தச் சென்சார் சுத்தம், பிறகு கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் பந்து ஊதுகுழலால் ஊதுவது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேன் ஏர் வேண்டாம். இதற்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரச் சுத்தம்; கை நடுங்குகிறவர்கள் சர்வீஸ் சென்டரில் செய்துகொள்ளலாம், பெரிய செலவில்லை.

புள்ளிகள் சிவப்பு, நீலமாக மின்னினால் அது தூசி இல்லை, பழுதான பிக்சல். மெனுவில் பிக்சல் மேப்பிங் இருந்தால் ஓடவிடுங்கள்.

அறிகுறி: படமெல்லாம் புகைமூட்டம்

விடுதி ஏசி அறையிலிருந்து நேராக ஏரிக்கரைக்கு வந்தால் முன்கண்ணாடி வியர்க்கும். துடைத்தால் திரும்ப வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே வேண்டாம்.

காய்ந்த பிறகும் புகை இருந்தால் செல்போன் டார்ச்சை ஒரு பக்கத்தில் பிடித்து, மறுபக்கத்திலிருந்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை கிளையாகத் தெரிவது பூஞ்சை. மழைக்காலம் முழுக்கப் பையில் பூட்டி வைத்ததன் பலன். உடனே கொடுத்தால் சுத்தம் செய்வார்கள். விட்டால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு பூஞ்சையை எடுத்தாலும் தடம் போகாது. வந்த பிறகு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் வைக்கும் உலர் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள்.

சின்னச் சின்னவை

வ்யூஃபைண்டரில் மங்கல், படத்தில் தெளிவு: கண் துவாரத்தின் ஓரத்திலிருக்கும் டயாப்டர் சக்கரம் பையில் சுற்றிக்கொண்டிருக்கும். திரையின் எண்கள் தெளிவாகும்வரை திருப்புங்கள்.

கொக்கு வெள்ளைத் தாளாக எரிந்துபோகிறது: இருண்ட தண்ணீர் பின்னணியில் எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள். வானத்தின் முன் கரிச்சான் வெறும் நிழலாக நின்றால் 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்க முடிவெடுத்துவிட்டால்

பாடி, லென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பில், வாரண்டி அட்டை. வெளிநாட்டிலிருந்து தருவித்தது என்றால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். செங்கல் சுவர், அரிசி மூட்டைப் படங்களின் ரா கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டு, எந்த மூலை, எந்தத் தூரம், எந்தத் துவாரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "ஷார்ப்பா இல்ல சார்" என்று மட்டும் சொன்னால் கவுன்ட்டரில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கிறது என்பார்கள். கார்டு, பேட்டரி, ஸ்ட்ராப், டிரைபாட் பிளேட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வையுங்கள். சீரியல் எண்ணையும் வெளிப்புறத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, மதிப்பீட்டுத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே வேலைக்குச் சம்மதம் சொல்லுங்கள்.